ஊதிக் காட்டறேன், சாமி

மணி பத்தைத் தாண்டியிருக்கும். மலைமேல் செம்மேட்டிலிருந்து பெரக்கரை நாட்டுப் பக்கம் போகிற ரோடு... உங்களுக்குத்தான் தெரியுமே. கடைசி பஸ் போய்விட்டால் அப்புறம் அங்கே ஒரு டார்ச் வெளிச்சம்கூடத் தெரியாது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம். மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. அன்றைக்கு மூடுபனி வேறு.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக இறங்கிப் போனது. ஓட்டியவன் பெயர் கோகுல்நாத். நம் மைதிலியின் அண்ணன்.

மைதிலியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். என்னோடு நர்ஸிங் படித்தவள், இப்போது ராசிபுரத்தில் வேலை. இது அவளுடைய அண்ணிக்கு நடந்தது. மைதிலியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது... கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். தெரசா, அந்த ஜன்னலைச் சாத்து. கொக்கியையும் போடு. சாரல் அடிக்கிறது.

அண்ணியின் பெயர் வித்யாஸ்ரீ. பெரக்கரை நாட்டுப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதை ஒட்டியே குவார்ட்டர்ஸ். ஓட்டு வீடு, பழைய இரட்டைக் கதவு. பக்கத்தில் கண்ணாயி என்று ஒரு அம்மாவின் வீடு, அதைத் தாண்டினால் வெறும் தோட்டம்தான். கோகுலுக்கு ஊர் அடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம். அப்பா ஆறுமுகசாமிக்கு அங்கே காடு தோட்டம் உண்டு. கோகுல் சொந்தமாக ஒரு கார் வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினான். மலைக்கு வருகிறவர்களை அருவிக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவான்.

அவனுக்கு ஒரு காலத்தில் குடிப்பழக்கம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி போதையில் பைக்கோடு கொண்டை ஊசி வளைவில் விழுந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். கட்டுப் போட்டவளே வித்யாதான். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். இனிமேல் தொடமாட்டேன் என்று.

அதற்குப் பிறகு அவன் எந்தச் சவாரி போய்விட்டு எந்த நேரத்தில் வந்தாலும், கதவைத் திறந்ததும் வித்யா சொல்லும் முதல் வார்த்தை, "ஊதுங்க."

அவன் வாசலில் நின்றபடியே அவள் முகத்துக்கு நேராக ஊதுவான். ஃபூ... டீ வாசனை வரும், சில நாள் வெற்றிலை வாசனை வரும். அப்புறம்தான் உள்ளே விடுவாள். முதலில் சந்தேகத்தில் செய்தது. போகப் போக விளையாட்டாகிவிட்டது. அவள் கேட்க மறந்தாலும் அவனே ஊதுவான். "ஊதிட்டனுங்க நர்ஸம்மா, உள்ள வரலாமுங்களா?" என்பான்.

அன்று ராத்திரி அந்த வெள்ளைக் காரில் கிளம்பும்போது அவன் சொன்னது, நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம், தர்மஸ்தலா கோயிலுக்குச் சவாரி என்று. வித்யா வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். டார்ச் அடித்து அவன் காரைத் திருப்ப வழி காட்டினாள்.

அவன் போனது தர்மஸ்தலாவுக்கு இல்லை. கோவாவுக்கு.

காரில் ஏறியது குடும்பமும் இல்லை. இரண்டு பேர். ஒருத்தன் தமிழ்செல்வன். கோகுலும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். செம்மேட்டுச் சந்தையில் மிளகு, அன்னாசி எடுத்துக் கீழே அனுப்புகிற வியாபாரம். வித்யா அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் கோகுலை அவனோடு வெளியூர் விடமாட்டாள். பழைய குடிக்கெல்லாம் அவன்தான் துணை. இன்னொருத்தன் ரமேஷ்குமார், தமிழ்செல்வனின் சினேகிதன், கீழே ஏதோ ஆபீஸில் வேலை. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கோவா பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. குடிக்காத ஒருத்தன் வண்டி ஓட்டினால் இருவருக்கும் சௌகரியம். அதற்குத்தான் கோகுல்.

போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ராத்திரி வித்யாவுக்குப் போன் வந்தது.

"சாப்டியா கண்ணு?"

அவன் குரலுக்குப் பின்னால் டம்... டம்... டம் என்று நெஞ்சை இடிக்கிற மாதிரி பாட்டு. ஆம்பளையும் பொம்பளையுமாக ஒரே கூச்சல்.

"என்னங்க சத்தம் அது?"

"கோயில்ல திருவிழாங்க கண்ணு... கூட்டம்."

வித்யா காதைப் போனோடு அழுத்திக்கொண்டாள். பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. உருண்டு வந்து... உடைந்து... இழுத்துக்கொண்டு போகிற சத்தம். அப்புறம் ஒரு குரல், நன்றாகத் தெரிந்த குரல், "டேய் கோகுலு, வாடா இங்க!" தமிழ்செல்வன்.

"தர்மஸ்தலாவுல கடலு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம்... அலை மட்டும்.

"வித்யா... தப்புத்தான். சொன்னா நீ உடமாட்டேன்னுதான்... ஆனா நான் தொடல சாமி. ஒரு சொட்டுத் தொடல. ஊட்டுக்கு வந்து ஊதிக் காட்டறேன், சாமி."

"நீங்க வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுபடி மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. கடைசியில் அணைத்தே வைத்துவிட்டாள்.

அடுத்து அவளுக்கு வந்த சேதி, உடம்பு கரை ஒதுங்கிவிட்டது என்பதுதான்.

தமிழ்செல்வனும் ரமேஷ்குமாரும்தான் உடம்போடு வந்தார்கள். நிறையக் குடித்துவிட்டான், சொல்லச் சொல்லக் கேட்காமல் இருட்டில் கடலில் இறங்கிவிட்டான், நாங்கள் இழுத்துப் பார்த்தோம் முடியவில்லை... தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அங்கே போலீஸில் சொன்னதும் அதுதான், ஊரில் சொன்னதும் அதுதான். ஒருத்தர்கூட ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கோவா என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கோவாவுக்குப் போனான், ராத்திரி குடித்தான், செத்தான். ஊர் தலையாட்டிவிட்டது.

ஆறுமுகசாமிக்கு வெட்கம். மேளம் வைக்கவில்லை, தூரத்துச் சொந்தத்துக்குச் சொல்லியும் விடவில்லை. இருட்டோடு இருட்டாக எடுத்துவிட்டார்கள்.

வித்யா அழவில்லை என்று மைதிலி சொன்னாள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். அவன் படத்துக்கு மாமனார் விளக்கு வைக்கச் சொன்னபோது, "பொய் சொல்லிட்டுப் போனாரு, மாமா. என்ற கையப் புடிச்சுப் பண்ணுன சத்தியத்த குடிச்சு முழுங்கிட்டாரு. நான் வைக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக மாமனாருக்கும் படவில்லை.

காரியம் முடிந்ததும் மலைக்கு வந்துவிட்டாள். டூட்டியில் சேர்ந்தாள்.

வந்த அன்று ராத்திரி...

நல்ல குளிர். கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். கீழே ரோட்டில் கார் ஹாரன். பீப்... பீப். சின்னதாக, இரண்டு தடவை. கோகுல் வீட்டுக்கு வரும்போது அடிக்கிற மாதிரி. எழுந்து உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் ஒன்றும் இல்லை. ஹாரன் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, ஜல்லியில் காலடி. செருப்புக் கால் இல்லை. வெறுங்கால், ஈரக்கால். சப்... சப்... படி ஏறி, கதவுக்கு முன்னால் நின்றது.

தட்டவில்லை.

அப்புறம் அந்த வாசனை. மலையில் அந்த வாசனை வர வழியே இல்லை. கவிச்சியும் பாசியும் கலந்த கடல் வாசனை. வாசனை வந்த பிறகு... அந்த இரட்டைக் கதவின் நடுவில் ஒரு இடுக்கு இருந்ததாம், விரல் நுழையாத இடுக்கு... அதன் வழியாக உள்ளே காற்று வந்தது.

ஃபூ...

வெளியில் காற்றே இல்லை. மூடுபனி அசையாமல் நிற்கிறது. இடுக்கில் மட்டும், விட்டு விட்டு, ஃபூ... ஃபூ...

வித்யா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தாள்.

காலையில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கண்ணாயி கேட்டாள். "ராத்திரி காரு வந்துச்சுங்களா நர்ஸம்மா? ஹாரன் அடிச்சாப்ல இருந்துதுங்க."

"இல்லீங்களே" என்று வித்யா சொல்லிவிட்டாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். எத்தனை நாள்தான் ஒருத்தி பயப்படுவாள்? பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்து அடைத்தாள். வெளியே நின்றது துணியின் மேலேயே ஊதியது. துணி உப்பி உப்பி அடங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்ததாம்.

ஒரு நாள் அவளால் தாங்க முடியவில்லை. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இடுக்கில் முகத்தை வைத்துக் கத்தினாள். "குடிச்சுட்டுச் செத்தவனுக்கு இந்த ஊட்டுல எடமில்ல! போங்க! என்னைய ஏமாத்துனது பத்தலையா?"

ஊதுவது நின்றது. அந்தப் பக்கமும் முகம் அதே இடுக்குக்கு வந்தது போலிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. ஆனால் பலகை அந்தப் பக்கம் சாய்ந்து அழுந்துகிற சத்தம்... கிறீச்...

பிறகு மெதுவாக, நீளமாக ஒரு மூச்சு அவள் முகத்தில் விழுந்தது. ஐஸ் மாதிரி.

அவள் நர்ஸ். அதைவிட, ஒரு குடிகாரனோடு குடித்தனம் பண்ணியவள். அந்த நாற்றத்தை எதில் கலந்தாலும் அவள் மூக்கு பிரித்துவிடும். அந்த மூச்சில் அவள் தேடினாள். இருக்க வேண்டும் என்று தேடினாள்... இருந்தால்தானே அவள் கோபம் நியாயம்?

உப்பு இருந்தது. பாசி இருந்தது. அழுகல் இருந்தது.

சாராய வாடை இல்லை. துளிகூட இல்லை.

வித்யா அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே அது காத்திருந்தது. அவள் சொல்லும் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது. அவளுக்கு வார்த்தை வரவில்லை, தாழைத் தொடக் கையும் வரவில்லை. செத்தவன் நிற்கிறான், யாருக்குக் கை வரும்? கொஞ்ச நேரத்தில் சப்... சப்... படி இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் செம்மேட்டில் சந்தை. வித்யா நேராகத் தமிழ்செல்வனிடம் போனாள். அவன் லாரிக்குப் பக்கத்தில் நின்று அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "வா தங்கச்சி, டீ சாப்பிடறியா?" என்றான்.

"அவரு அன்னைக்குக் குடிச்சிருந்தாருங்களாண்ணா?"

"ஏன் சாமி இப்பப் போயி அதை... நான்தான் அப்பவே சொன்னனே, சொல்லச் சொல்லக் கேக்கல..."

"ஊதிக் காட்டிட்டுப் போனாருங்கண்ணா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. யார் என்று அவன் கேட்கவே இல்லை. அதை அவள் கவனித்தாள்.

லாரிக்குப் பின்னால் கூட்டிப் போனான். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான். அன்று ராத்திரி பாட்டுப் போடுகிற இடத்திலிருந்து வெளியே வந்தபோது ரமேஷ்குமாருக்கு நிற்கக்கூட முடியவில்லை. இறங்கக் கூடாது என்று சிவப்புக் கொடி நட்டிருந்த இடத்தில் போய்க் கடலில் இறங்கிவிட்டான். கோகுல் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தானாம். கையில் போன். யாருக்கோ அடித்துக்கொண்டே இருந்தானாம்... எடுக்கவில்லையாம். கத்தல் கேட்டதும் போனைப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். ரமேஷ்குமாரின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் தமிழ்செல்வன் கையில் தள்ளினான். தமிழ்செல்வன் அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கோகுலைக் காணோம்.

"அப்பறம் ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"ரமேசு கால்ல உழுந்தான் தங்கச்சி. குடிச்சு ஒருத்தன் உசுரு போக்கீட்டான்னு தெரிஞ்சா கல்யாணம் நிக்கும், வேல போகும்னு அழுதான். போனவன் போயிட்டான், இருக்கறவனாவது பொழைக்கட்டும்னு... கோகுலு சட்ட மணல்ல கெடந்துது. அதுல... நாந்தான் சரக்குப் பாட்டல ஊத்துனேன்."

வித்யா அவனை அடிக்கவில்லை, சாபமும் விடவில்லை. கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்குகிறவரை அந்தக் கையை விடவில்லை. மாமனார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னான்.

ஆறுமுகசாமி கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "என்ற பையன் குடிக்கலையா?" என்று கேட்டார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். தமிழ்செல்வன் இல்லை இல்லை என்று அழுதான். "செத்தவன் சட்டமேல பாட்டல ஊத்துனியாடா?" என்றார் அப்புறம். "ஒரு மேளங்கூட இல்லாம எடுத்துப்போட்டனேடா."

அதற்குப் பிறகு பங்காளிகளையெல்லாம் கூப்பிட்டு, மறுபடியும் ஒரு நாள் வைத்து, மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். தமிழ்செல்வன் அத்தனை பேர் முன்னாலும் நின்று சொன்னான்.

ரமேஷ்குமாரா? ஆல்பர்ட், நீ கேட்பாய் என்று தெரியும்... எல்லாருமே அதைத்தான் கேட்பார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தமிழ்செல்வன் பொய் சொல்கிறான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. நல்ல கூட்டமாம். இப்போது ஒரு பெண் குழந்தை. வேலையும் இருக்கிறது. ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறானாம். அவனிடம் எதுவும் போகவில்லை. தமிழ்செல்வனிடமும் போகவில்லை. கோகுலுக்கு அவர்களிடம் நிரூபிக்க என்ன இருக்கிறது? அவர்களுக்குத்தான் தெரியுமே.

தமிழ்செல்வன் மாமனாரிடம் வந்து சொன்ன அன்றைக்கே வித்யா கடைசி பஸ்ஸைப் பிடித்து மலைக்குத் திரும்பிவிட்டாள். படத்தை எடுத்துத் துடைத்து விளக்கு வைத்தாள். சோறாக்கினாள். இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். பனி உள்ளே வந்து வீடு முழுக்க நின்றது.

ஹாரன் கேட்கவில்லை. காலடியும் கேட்கவில்லை. விடியப் போகிற நேரத்தில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டாள்.

மைதிலி அண்ணியைப் பார்க்க மலைக்குப் போனது அதற்கு வெகுநாள் கழித்து. வித்யா நன்றாகத்தான் பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். டூட்டிக்கு ஒழுங்காகப் போகிறாள். ராத்திரி படுக்கும்போதுதான் மைதிலி பார்த்தாள்... கதவைச் சாத்தவே இல்லை. மார்கழிக் குளிர், பல் கிட்டுகிறது.

"கதவச் சாத்திட்டுமா அண்ணி?"

"வேண்டாங் கண்ணு. தெறந்தே இருக்கட்டும்."

மைதிலிக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு, திறந்த வாசலைப் பார்த்தபடியே படுத்தாள். தூங்கக் கூடாது என்றுதான் இருந்தாள். எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது இருட்டாக இருந்தது. இன்னும் விடியவில்லை என்று நினைத்தாள். ஆனால் வெளியே கோழி கூவுகிறது, யாரோ பேசிக்கொண்டு போகிறார்கள். ஓட்டு இடுக்கில் வெளிச்சம். அப்புறம்தான் புரிந்தது. இரண்டு கதவும் சாத்தியிருந்தன.

அண்ணிதான் குளிருக்குச் சாத்தியிருப்பாள் என்று போய் இழுத்தாள். வரவில்லை. உள்தாழைப் பார்த்தாள். போடவில்லை. மறுபடி இழுத்தாள். வெளியே தாழ் கதவோடு மோதியது... டக்... டக்.

"அண்ணி! யாரோ வெளியில தாழப் போட்டிருக்காங்க!"

வித்யா எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. "இரு கண்ணு, கண்ணாயி வந்து தொறப்பாங்க."

சொன்ன மாதிரியே காலடி வந்தது. தாழ் நகர்ந்தது. கண்ணாயி கையில் பால் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"தெனமும் எனக்கு இதே வேலையாப் போச்சுங்க நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். பழகிப்போனவள் போல.

"யாரு அண்ணி? யாரு தாழப் போடறது?"

வித்யா கதவை மறுபடி விரியத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது.

"நானும் அப்படித்தான சாமி தாழப் போட்டு வெளியவே வெச்சிருந்தேன் அவர" என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், நின்று, வாசல் படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குக் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் தாழப் போட்டாரு."